ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும்

அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடைக்கால மத்தியானத்தில் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீட்டுக்கு வருவது, ஊர் பற்றி எரியும்போது தீயணைப்பு வண்டி ஷெட்டுக்குத் திரும்புவது மாதிரி. ஊரில் இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு படுக்கிற பருவம் அது. அந்தப் பருவத்தில் அப்பா வீட்டாருக்குக் காலையில் முதுகையும் இரவில் குறட்டையையும்தான் காட்டுவார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, தோளில் பை இல்லை. ஸ்பேனர், கேஸ் மீட்டர், டெஸ்டர், மேலாக ஒரு டப்பாவில் துணி சோப்பு என்று அடைத்துக்கொண்டு எப்போதும் அவர் இடுப்பை இடித்துக்கொண்டே வரும் பை. கல்யாண போட்டோவில்கூட ஓரத்தில் அது தெரிகிறது என்பது அம்மாவின் நெடுநாள் குற்றச்சாட்டு. பை இல்லாமல் அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பழக்கதோஷம்.

அந்த நேரம் பார்த்து ரேடியோவின் கையில் அம்மாவின் போன். போனுக்குள் ஒரு பெண் இங்கிலீஷில், "அம்மையீர்? இணைப்பில் இருக்கிறீர்களா, அம்மையீர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ சத்தமில்லாமல் துண்டித்தாள்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" அம்மா தையல் மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. வேலைதான் படுத்துடுச்சு."

"பை எங்க?"

"வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

அம்மா ஊசியில் மாட்டியிருந்த சட்டைக் கையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என் மேல கம்ப்ளெயின்ட். ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்துக் கொத்தா. மெக்கானிக் வந்தான், பார்த்தான், போனான், ஃபிரிட்ஜ் சரியாகலைன்னு. இந்த ஏரியாவுக்கு நான் ஒருத்தன்தான். அப்ப அது யார் தலையில விழும்?"

"எந்த வீடுன்னு கேட்டீங்களா?"

"சொல்ல மாட்டாங்களாம். முதல் கம்ப்ளெயின்ட்தான் மெக்கானிக்குக்கு வரும். ஆள் வந்தும் சரியாகலைன்னு ரெண்டாவது கம்ப்ளெயின்ட் வந்தா அது நேரா மேல போயிடும். கையில குடுத்தா நாங்க போய் வீட்டுக்காரங்களை மிரட்டிடுவோமாம். என்னைப் பார்த்தா மிரட்டற மூஞ்சியாவா தெரியுது?"

அம்மா அந்த மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்ல" என்றாள், லேசான வருத்தத்தோடு.

"இன்னொண்ணு கேளு. அத்தனை கம்ப்ளெயின்டும் இங்கிலீஷ்ல வந்திருக்கு. அத்தனையும்! தமிழ்ல வந்திருந்தா ஒரு வார்த்தை உன்னைக் கூப்பிட்டு விசாரிச்சிருப்பேன்யான்னு மேனேஜர் சொல்றாரு. இங்கிலீஷ்ல வந்ததால விசாரிக்கத் தேவைப்படலையாம்."

ரேடியோவின் கையிலிருந்த போன் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அந்த வீட்டின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே கிடையாது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"பாருங்க, குழந்தை பேயறைஞ்ச மாதிரி நிக்குது. அவகிட்ட போய் இதெல்லாம் சொல்லிக்கிட்டு."

குழந்தைக்குப் பதினேழு வயது. வாய் மூடாமல் பேசுவதால் வீட்டில் ரேடியோ, தெருவில் ரேடியோ, பள்ளிக்கூடத்திலும் ரேடியோ. தமிழில் இரவு பகல் பாராத ஒலிபரப்பு. இங்கிலீஷ் என்றால் மட்டும் 'கொர்ர்ர்' என்று இரைச்சல்தான் கேட்கும், நிலையம் கிடைக்காது.

கோடை லீவு விட்ட அன்று இங்கிலீஷ் மிஸ் சொன்னார்: "திரும்பி வந்தா பள்ளிக்கூடத்துல உங்களுக்குக் கடைசி வருஷம், கடைசிப் பரீட்சை. எழுதற பரீட்சையில பக்கத்துல எட்டிப் பார்க்கலாம். பேச்சுப் பரீட்சைக்கு வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்து எதிர்ல உட்காருவார். அவர் வாயை எட்டிப் பார்த்து எழுத முடியாது. தினமும் யார்கிட்டயாவது கால் மணி நேரம் இங்கிலீஷ்ல பேசுங்க."

யாரிடம் என்று மிஸ் சொல்லவில்லை. ரேடியோ அம்மாவிடம் பேசிப் பார்த்தாள். அம்மா எல்லாவற்றுக்கும் "எஸ்" என்றாள். "இன்று தாங்கள் இறந்துவிட்டீர்களா?" என்று கேட்டாள், அதற்கும் "எஸ்". பெஞ்சுத் தோழி ஒட்டகத்திடம் பேசிப் பார்த்தாள். உயரத்துக்காக அந்தப் பெயர் பெற்றவள் ஒட்டகம். இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒரே பாடப்புத்தகத்தின் ஒரே வாக்கியங்கள் என்பதால், நலமா, நலம், நீ நலமா, நலம் என்று உரையாடல் தன் வாலையே கடித்துக்கொண்டு படுத்துவிட்டது.

அப்போதுதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் யூனிஃபார்ம் சட்டை கண்ணில் பட்டது. முதுகு முழுக்க கம்பெனியின் ஹெல்ப்லைன் எண். கீழே சின்ன எழுத்தில்: இலவச அழைப்பு.

கூப்பிட்டாள். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றது. இரண்டை அழுத்தினாள்.

"வணக்கம், அம்மையீர். இந்த இனிய நாளில் தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?"

இங்கிலீஷில் பேசும்போதும் கேட்கும்போதும் ரேடியோவின் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். அதனால் அந்தப் பேச்சைத் தமிழிலும் கொஞ்சம் நிமிர்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று அவள் முதுகு நிமிர்ந்ததோடு கண்ணும் கலங்கியது. பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தப்புத் தப்பாகப் பேசினாலும் அந்தப் பெண் சிரிக்கவில்லை, திருத்தவில்லை, "வாயை மூடுடி" என்று சொல்லவில்லை. கேட்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஒரு ஜென்மம் உலகத்தில் இருப்பது ரேடியோவுக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஆனால் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று சொன்னால், "ஆள் அனுப்புகிறோம், முகவரி சொல்லுங்கள்" என்று பேச்சை முடிக்கப் பார்த்தார்கள். முகவரி சொன்னால் அப்பா பையோடு வந்து நிற்பார். அதோடு கால் மணி நேரப் பயிற்சிக்கு அது காணாது. ஒரு நாள் அவசரத்தில், "ஆள் ஏற்கெனவே வந்துவிட்டுப் போனார். ஆனால் சரியாகவில்லை" என்றாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. எப்போது வந்தார், என்ன செய்தார், என்ன சொன்னார், எப்படி நடந்துகொண்டார் என்று கேள்வி மேல் கேள்வி. முகவரி கேட்டால் ஏரியா பெயரை மட்டும் சொல்லி, "ஏற்கெனவே வந்தவருக்கு வழி தெரியும்" என்றால் போதும். போன் எண் கேட்டால் வாயில் வந்த எண்ணைச் சொல்வாள். பாடப்புத்தகத்தின் மூன்றாம் பாடமே புகார் சொல்வதுதான்; எண்களைச் சொல்லிப் பழகுவதும் அதில் இருந்தது.

இப்படி ரேடியோ ஒரு நாள் டாக்டர் அம்மா ஆனாள், ஒரு நாள் வக்கீல் மனைவி ஆனாள், ஒரு நாள் ஐஸ்கிரீம் முழுவதையும் பறிகொடுத்த தாய் ஆனாள். சுகமான விஷயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒட்டகத்திடம் சொன்னாள். ஒட்டகம் முன்பெஞ்சுக்குச் சொன்னாள். முன்பெஞ்சு சும்மா இருக்குமா?

அந்த வந்துபோன ஆள் தன் அப்பாதான் என்று இவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா என்றால், சத்தியமாகத் தோன்றவில்லை. அந்த ஃபிரிட்ஜே கற்பனை. அதைப் பழுது பார்க்க வந்தவரும் கற்பனை. தமிழில் இருமும் அப்பா எப்படி இங்கிலீஷ் வாக்கியத்துக்குள் வருவார்?

இப்போது அதே அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ரேடியோ ஒட்டகத்தின் வீட்டுக்கு ஓடினாள். ஒட்டகம் மொட்டை மாடியில் நின்று, கம்பெனிக்காரப் பெண்ணிடம் கண்ணை மூடிக்கொண்டு அழுது நடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"அடிப்பாவி! இன்னிக்குத்தான் அழுகை நல்லா வந்துச்சு. ஏன் பிடுங்கறே?"

ரேடியோ விஷயத்தைச் சொன்னாள். ஒட்டகம் அப்படியே மடங்கித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உங்க அப்பாவா? அந்த ஆளு உங்க அப்பாவா? என்கிட்ட நீ சொல்லவே இல்லையேடி!"

"எனக்கே இப்பதான் தெரியும்."

"நான் போன வாரம் அவர் என் ஃபிரிட்ஜுக்குள்ள தலையை விட்டுத் தூங்கிட்டார்னு சொல்லியிருக்கேன்."

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

"தூங்கறதுக்கு இறந்தகாலம் வரலை. பழகிப் பார்த்தேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"போய் உங்க அப்பாகிட்ட சொல்லிடு" என்றாள் ஒட்டகம். "என் பேரை மட்டும் விட்டுடு."

மறுநாள் காலை ரேடியோ சொல்லிவிடுவதென்றே எழுந்தாள். அப்பா பெட்டியில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். முதுகில் எண் இல்லாத அப்பாவைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"நானும் உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆபீஸர் வர்றாராம். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அந்த கம்ப்ளெயின்ட் போனையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்காங்களாம். என் எதிர்ல போட்டுக் காட்டுவாங்க. நான் பதில் சொல்லணும். சரியா சொல்லலைன்னா இன்னியோட கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க."

ரெக்கார்ட் என்ற வார்த்தைக்கு அப்புறம் ரேடியோவுக்கு எதுவும் காதில் விழவில்லை. விழுந்தது கடைசி வாக்கியம்தான்.

"கூட ஒருத்தர் வரலாம்னாங்க. நீ வா."

"நானா!"

"மேனேஜர் சொல்றதை அவரே நம்ப மாட்டார். எனக்கு நம்ம ஆளு ஒருத்தர் வேணும். லீவு பூரா இங்கிலீஷ் இங்கிலீஷ்னு உயிரை விட்டியே. அந்த ரெக்கார்டுல என்ன சொல்றாங்கன்னு எனக்கு அப்படியே தமிழ்ல சொல்லு, போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அம்மா உள்ளேயிருந்து, "பார்த்தியா, படிச்சது வீணாப் போகலை" என்றாள்.

ரேடியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வண்டியின் பின்சீட்டில் உட்காரக் கையும் காலும் ஓட வேண்டியதில்லையே. உட்கார்ந்தாள். வழியெல்லாம் அப்பாவின் வெள்ளை முதுகைப் பார்த்துக்கொண்டு, இந்தத் திருப்பத்தில் சொல்லிவிடலாம், அடுத்த சிக்னலில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனாள். அன்று பார்த்து எல்லா சிக்னலும் பச்சை.

சர்வீஸ் சென்டரின் பின்னறையில் ஏசி ஓடவில்லை. குளிரூட்டுகிற கம்பெனி அல்லவா, எல்லா மெக்கானிக்கும் வெளியே போயிருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். பக்கத்தில் தலைமை ஆபீஸர்; டை கட்டி, வேர்த்து வழிந்து, மடிக்கணினிக்கு முன்னால் ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார். மேஜையின் ஓரத்தில் அப்பாவின் பை, பிடித்து வைத்த திருடன் மாதிரி தலை தொங்கி உட்கார்ந்திருந்தது.

"இது யாரு?" என்றார் மேனேஜர்.

"என் பொண்ணு சார். இங்கிலீஷ் படிக்குது."

ஆபீஸர் தலையசைத்து ஒரு பொத்தானைத் தட்டினார். ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு தெளிவான, நிமிர்ந்த, பணக்காரக் குரல் ஒன்று அறையை நிறைத்தது.

"நான் மிகுந்த மனவேதனையுடன் பேசுகிறேன். தங்கள் பணியாளர் நேற்று என் இல்லத்துக்கு வந்தார்."

ரேடியோ தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு நன்றாகவா பேசுகிறோம் என்று ஒரு கணம் மலைத்தாள். அடுத்த கணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அப்பா. அவர் பார்வை ஸ்பீக்கரின் மேலேயே இருந்தது. மகள் இங்கிலீஷ் பேசி அவர் கேட்டதில்லை. பணக்காரக் குரல்கள் எல்லாம் அவருக்கு ஒன்றுபோலத்தான்.

"ரொம்ப மனசு கஷ்டமா இருக்காம். நேத்து ஒரு ஆளு வந்தாராம்."

"சரி."

"அவருக்குத் தம் தொழிலைப் பற்றிய அடிப்படை அறிவே இல்லை" என்றது ஸ்பீக்கர்.

ரேடியோ மேஜை ஓரத்துப் பையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. எதுவா இருந்தாலும் சொல்லு."

"அவருக்கு... வேலை தெரியலைன்னு சொல்றாங்க."

அப்பா தலையாட்டினார். "அப்புறம்?"

"அவருடைய கைகள் மிகவும் அழுக்காக இருந்தன. அந்தக் கைகளால் அவர் என் உணவுப் பொருட்களைத் தொட்டார்."

"அப்புறம்?"

"கை... கை அழுக்கா இருந்துச்சாம்."

அப்பா தன் கைகளை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழாயைக் கேட்டு வாங்கி, பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்து, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவர் உள்ளே கால் வைப்பார். அந்த சோப்பைத் துண்டு போட்டு டப்பாவில் அடைத்துக் கொடுப்பதே ரேடியோதான்.

அந்தச் சமயத்தில், ஸ்பீக்கரில், பணக்காரக் குரலுக்குப் பின்னால் கடகடவென்று ஒரு தையல் மிஷின் சத்தம் கேட்டது. அது நின்றது. தொலைவிலிருந்து ஒரு கூப்பாடு வந்தது.

"ஏ ரேடியோ! குழாய்ல தண்ணி நிக்கப் போகுது, வாளியை எடுத்து வைடீ!"

மகள் இங்கிலீஷ் பேசினால் அம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பெருமையாகக் கேட்பாள். ஆனால் தண்ணீருக்கு முன்னால் இங்கிலீஷ் என்ன, எந்த பாஷையும் நிற்காது.

மேனேஜர், "வீட்டுப் பணியாட்கள் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலும், ஐயா" என்று ஆபீஸருக்கு இங்கிலீஷில் விளக்கம் சொன்னார்.

அப்பா அசையவில்லை. ரேடியோ, "இது..." என்று வாயெடுத்தாள்.

"இதைத் தமிழ்ல சொல்ல வேணாம்" என்றார் அப்பா. "எனக்குத் தமிழ் தெரியும்."

ஆபீஸர் அடுத்த ரெக்கார்டைப் போடக் கையை நீட்டினார். அப்பா மேனேஜரைப் பார்த்து, "போதும் சார், நிறுத்தச் சொல்லுங்க" என்றார். "தப்பு என் மேலதான். வேலை சரியில்லைதான். நான் ஒத்துக்கறேன். கணக்கை முடிச்சிடுங்க."

ரேடியோவுக்கு நேற்றிலிருந்து வந்த அதிர்ச்சிகள் எல்லாம் இதற்கு முன்னால் வெறும் விக்கல். திட்டுவார் என்று நினைத்தாள். அடிப்பார் என்று நினைத்தாள். பையைப் பார்க்காமல் பையை விட்டுக் கொடுப்பார் என்று நினைக்கவில்லை. மேனேஜர் இங்கிலீஷில் ஆபீஸரிடம் ஆரம்பித்தார்: "அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், ஐயா..."

ரேடியோ எழுந்து நின்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் இங்கிலீஷில். மண்டைக்குள் தேடினாள். மன்னிப்பு கேட்க ஒரு வாக்கியம் இல்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. கோடை முழுக்க அவள் பழகியது ஒரே ஒரு வேலை. அதற்கான இங்கிலீஷ் மட்டும்தான் அவளிடம் இருந்தது. முதுகு நிமிர்ந்தது.

"ஐயா. நான் ஒரு புகாரைப் பதிவு செய்ய விரும்புகிறேன்."

ஆபீஸர் ஹெல்ப்லைனில் போன் எடுக்கும் ஆளாகச் சேர்ந்து மேலே வந்தவர். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் அவர் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. "நிச்சயமாக, அம்மையீர். தங்கள் பிரச்சினை என்ன?"

"ஒரு பெண் சரியாக வேலை செய்யவில்லை."

"எவ்வளவு காலமாக?"

"விடுமுறை தொடங்கியதிலிருந்து."

"ஏதேனும் சத்தம் வருகிறதா?"

"வரக்கூடாத இடத்தில் மிகுதியாக வருகிறது. வரவேண்டிய இடத்தில் வருவதில்லை."

"உற்பத்திக் குறைபாடாக இருக்குமோ?"

ரேடியோ அப்பாவைப் பார்த்தாள். "இல்லை ஐயா. உற்பத்தியில் எந்தக் குறையும் இல்லை. பயன்படுத்தியவரின் தவறு."

"அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?"

"தங்கள் முன்னால் நிற்கிறாள்."

ஆபீஸரின் கை கீபோர்டில் நின்றது. ரேடியோ நிறுத்தவில்லை. பரீட்சையைச் சொன்னாள், சட்டை முதுகைச் சொன்னாள், டாக்டர் அம்மாவையும் வக்கீல் மனைவியையும் ஐஸ்கிரீம் பறிகொடுத்த தாயையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தினாள். முன்பெஞ்சையும் சொன்னாள், ஒட்டகத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். வந்துபோன ஆள் யாருமே இல்லை, இதோ உட்கார்ந்திருப்பவர் எந்தப் புகார் வீட்டுக்கும் போகவே இல்லை, போக அப்படி ஒரு வீடே இல்லை என்றாள்.

மேனேஜரின் முகம் வெளுத்தது. "நாங்கள் அந்த எண்களைக் கூப்பிட்டுச் சரிபார்த்தோம், ஐயா" என்றார் அவசரமாக. "யாரும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கடும் கோபத்தில் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டோம்."

ஆபீஸர் அதைக் காதில் வாங்கவே இல்லை. ரேடியோவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு வாக்கியம் சொல்" என்றார். "'நான் தங்கள் மேலதிகாரியிடம் பேச வேண்டும்.' சொல்."

ரேடியோ சொன்னாள், டாக்டர் அம்மாவின் குரலில். ஆபீஸர் தன்னையறியாமல் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதே குரல்" என்றார் விரல்களுக்கு நடுவிலிருந்து. "புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதல் நாள் இந்தக் குரலைத்தான் போட்டுக் காட்டுகிறோம். கோபத்திலும் கண்ணியம் குறையாத வாடிக்கையாளர் எப்படிப் பேசுவார் என்பதற்கு உதாரணமாக. அவர்கள் இதைக் கேட்டுத்தான் ஆங்கிலம் பழகுகிறார்கள்."

ரேடியோ யாரைப் பார்த்து இங்கிலீஷ் கற்றாளோ, அவர்கள் அவளைப் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தின் மூன்றாம் பாடம் ஒரு கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது.

மேனேஜர் போலீஸ் என்று ஆரம்பித்தார். ஆபீஸர் கையை உயர்த்தி நிறுத்தினார். போலீஸுக்குப் போனால் ரெக்கார்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தக் கண்ணியமான பெண்மணி பள்ளிக்கூடத்துப் பெண் என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஒரு மெக்கானிக்கின் வேலை போனால் செய்தி இல்லை. பயிற்சி ரெக்கார்ட் போனால் அவர் வேலையே போய்விடும். அதனால் அவர் நியாயத்தின் பக்கம் நின்றார்.

"ஆனால் ஒரு சிக்கல்" என்றார். "பதிவான புகாரை எங்களால் மூட முடியாது. நானே நினைத்தாலும் முடியாது. எந்த வாடிக்கையாளர் கொடுத்தாரோ அவரே கூப்பிட்டு, எனக்குத் திருப்தி என்று சொன்னால்தான் மூடும். அத்தனையும் மூடட்டும். இவருடைய பை இவருக்குத் திரும்பக் கிடைக்கும்."

அப்பா அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். இப்போது எல்லா சிக்னலும் சிவப்பு. ஒன்றில் நிற்கும்போது, திரும்பாமலே கேட்டார்:

"வேலை தெரியலைன்னே, அது பரவால்ல. கை அழுக்குன்னு ஏன்மா சொன்னே?"

"அந்த வார்த்தைதாம்பா எனக்குத் தெரியும். அந்தப் பாடத்துல அதுதான் இருந்துச்சு."

அப்பா யோசித்தார். சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"லீவு இன்னும் முடியலைல்ல?" என்றார். "வேற பாடம் படி."

மறுநாள் முன்பெஞ்சு முழுவதும் ரேடியோ வீட்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது, ஆளுக்கு ஒரு அம்மா போனோடு. ஒட்டகம் கதவை ஒட்டி, ஓடத் தோதாக உட்கார்ந்திருந்தாள். அம்மா தையலை நிறுத்திவிட்டு, வாளிகளை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டு, மேற்பார்வைக்கு வந்தாள். விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் மகளிடம் பேசியது ஒரே வார்த்தை. இங்கிலீஷில் எது கேட்டாலும் சொல்லும் அந்த "எஸ்" இப்போது "நோ" ஆகியிருந்தது.

அப்பா எதிரே உட்கார்ந்தார். "ஆரம்பிங்க."

திருப்தி என்று சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. குறை சொன்னால் கேள்வி மேல் கேள்வி கேட்டவர்கள், திருப்தி என்றதும் திகைத்துப்போய் மௌனமானார்கள். அதற்கு மேல் கேட்க அவர்களிடம் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. "என் ஃபிரிட்ஜுக்குள் தலை வைத்துத் தூங்கியவர் விழித்துக்கொண்டார். இப்போது எல்லாம் நலம்" என்று ஒட்டகம் சொன்னாள். மூடிவிட்டார்கள். எல்லோரிடமும் கடைசியாக ஒரே கேள்விதான்: அந்தப் பணியாளருக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?

ஒட்டகம் போனைக் கையால் மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "பத்துக்கு எத்தனைன்னு கேட்கறாங்க, அங்கிள்."

"ஒன்பது சொல்லு."

"பத்தே சொல்றேனே!"

"பத்துன்னா நம்ப மாட்டாங்கம்மா. நானும் வருஷக்கணக்கா பார்க்கறேனே. ஒன்பது சொல்லு."

எல்லோரும் ஒன்பது சொன்னார்கள். ஒன்பது ஒன்பதாகப் புகார்கள் மூடிக்கொண்டே வந்தன. கடைசியாக ரேடியோவின் முறை. டாக்டர் அம்மாவும் வக்கீல் மனைவியும் ஐஸ்கிரீம் தாயும் முடிந்து, மிஞ்சியது அழுக்குக் கை புகார்.

"பத்துக்கு எத்தனை, அம்மையீர்?"

ரேடியோ அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒன்பது விரல்களைக் காட்டினார்.

"பத்து" என்றாள்.

மறுமுனையில் குரல் உயர்ந்தது. "பத்தா? உறுதியாகவா, அம்மையீர்? ஒரு நிமிடம் இணைப்பில் இருங்கள். மேலதிகாரிக்கு மாற்றுகிறேன்."

"சொன்னேன்ல" என்றார் அப்பா. அவருக்கு அந்த இங்கிலீஷ் தேவைப்படவில்லை. மகள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். முன்பெஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

போனில் ஒரு கனமான ஆண்குரல் வந்தது. "அம்மையீர், எங்கள் பணியாளர்கள் யாருக்கும் இதுவரை பத்து கிடைத்ததில்லை. என்ன காரணத்துக்காகத் தருகிறீர்கள் என்று சொல்ல முடியுமா?"

இதற்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை. ரேடியோ டாக்டர் அம்மாவைத் தேடினாள், அவள் வரவில்லை. வக்கீல் மனைவியும் வரவில்லை. 'கொர்ர்ர்' என்று தலைக்குள் இரைச்சல் கேட்டது. முதுகு இந்தத் தடவை நிமிரவில்லை. எதிரே இன்னும் ஒன்பது விரல்களை மடக்காமல் வைத்திருந்த அப்பாவின் கைகளைப் பார்த்தாள். சொல்ல ஆரம்பித்தாள். தப்பும் தவறுமாக, நிறுத்தி நிறுத்தி, இடையில் ஒரு வார்த்தைக்குத் தவித்து, வேறு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பேசினாள். கால் மணி நேரம் ஆகவில்லை, கொஞ்ச நேரம்தான்.

"நன்றி, அம்மையீர்" என்றது ஆண்குரல். "குறித்துக்கொண்டேன். பத்து."

போனை வைத்தாள்.

"என்னம்மா சொன்னே அவ்வளவு நேரம்?" என்றார் அப்பா.

ரேடியோ வாயைத் திறந்தாள். தமிழில் சொல்ல வரவில்லை.

அப்பா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு விரல்களை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"சரி விடு" என்றார். "சோப்புன்னு சொன்னது மட்டும் புரிஞ்சுது."